மாத்திறதுக்கு முதல் ஒருக்கா அளந்து பாருங்கோ

ஆனையிறவு தாண்டிப் பரந்தனை நெருங்கும்போதுதான் முதல் தடவை பாட்டு நின்றது. திருகோணமலைக்குப் போகிற பட்ச் ட்ரிப். எங்களில் ஒருத்தியின் மாமாவின் டொல்பின் வான். அவர் ஹயர் ஓடுகிறவர். பின் சீற்றுக்குக் கீழே பூஃபர், கதவுகளில் ஸ்பீக்கர், கூரை ஓரம் நீல லைற். உண்மையைச் சொன்னால், அந்தச் செற்றுக்காகத்தான் அந்த வானைப் பிடித்தோம்.

பின் சீற்றுப் பெடியள் "மாமா, கூட்டுங்கோ" என்றார்கள். மாமா கூட்டினார். பறை இறங்குகிற இடத்தில் சத்தம் அப்படியே அறுந்தது. பிளேயரின் திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. சீற்றுக்குக் கீழே அம்பிளிபயரின் பச்சை லைற் அணைந்து சிவப்பு எரிந்தது. இரண்டு மூன்று செக்கனில் திரும்பவும் பச்சை, திரும்பவும் பாட்டு. கூட்டினால் திரும்பவும் மௌனம். வவுனியா வருவதற்குள் நாங்கள் எல்லோரும் பாடம் படித்துவிட்டோம்: சத்தம் 18 வரைக்கும் போகலாம், 22 தாண்டினால் நிற்கும். மெல்லிசைக்குப் பிரச்சினை இல்லை. குத்துப் பாட்டுக்குத்தான் நிற்கிறது.

இதை ஒரு பகிடியாகச் சொல்லிவிட்டு மறந்திருப்போம். ஆனால் அதற்குப் பிறகு அந்த வானுக்கு நடந்தது பகிடி இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இதை எழுதுகிறோம்.

யாழ்ப்பாணம் திரும்பியதும் மாமா ஒரு கடைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒருவர் பத்துச் செக்கன் கேட்டுவிட்டு, "பிளேயரின்ர அவுட் செத்துப் போச்சு அண்ணை" என்றார். பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பாவித்த ஜப்பான் பிளேயர் ஏறியது. பாட்டு நின்றது. இன்னொரு இடத்தில், "உங்கட அம்ப் சின்னன், அதுக்கு இந்தப் பூஃபரை இழுக்க ஏலாது" என்றார்கள். முப்பத்திரண்டாயிரத்துக்குப் பெட்டியில் 3000 வாற்று என்று கொட்டை எழுத்தில் போட்ட அம்பிளிபயர் வந்தது. இப்போது 22 வரைக்கும் போகத் தேவையில்லை, 17இலேயே நின்றது. கூடவே பியூசும் போகத் தொடங்கியது. மூன்றாவதாக ஒருவர் போன பியூசைச் சுற்றி நாலு செப்புக் கம்பி இழையை முறுக்கிக் கொடுத்து, "இனிப் போகாது" என்றார். அவர் சொன்னது சரி. அந்தப் பியூஸ் போகவில்லை.

அடுத்த கிழமை செல்வச்சந்நிதிக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது, வானுக்குள் பிளாஸ்ரிக் எரிகிற மணம் வந்தது. பின் சீற்றில் இரண்டு அம்மம்மாக்கள், மடியில் பிள்ளைகள். மாமா ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கிவிட்டுப் பற்றரிக் கம்பியைக் கழற்றினார். சீற்றுக்குக் கீழே கார்ப்பெற் உள்ளங்கை அளவு கருகியிருந்தது. அந்த இடத்தில் ஒரு போல்ற். அம்பிளிபயரின் கறுப்பு வயர் வானின் தகட்டில் பூட்டியிருந்த எர்த் போல்ற். வயரின் உறை அந்த நுனியில் உருகி வழிந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

கடைசியாக மாமா போனது கொக்குவில் பக்கம் வீட்டோடு சேர்ந்த ஒரு சின்னக் கொட்டிலுக்கு. கார் வயரிங் வேலை செய்கிற ஒரு ஐயா. நாங்களும் இரண்டு பேர் கூடப் போனோம். அவர் எதையும் கழற்றவில்லை. கருகின இடத்தை விரலால் தடவிப் பார்த்தார், கம்பி சுற்றின பியூசை எடுத்து எறிந்துவிட்டு நல்லதொன்று போட்டார். "ஸ்ராட் பண்ணிப் பாட்டைப் போடுங்கோ தம்பி. நிக்கிற அளவுக்குக் கிட்ட வையுங்கோ" என்றார். பிறகு ஒரு பழைய மீற்றரை எடுத்தார்.

பற்றரியில் வைத்தார்: 13.4 வோல்ற்று. அம்பிளிபயரின் வாயில் வைத்தார்: பேஸ் அடிக்கும்போதெல்லாம் முள் 9.9க்கு விழுந்தது. இடையில் மூன்றரை வோல்ற்று காணாமல் போயிருக்கிறது. எங்கே? மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் பொசிட்டிவிலும் மற்றதை அம்பிளிபயரின் பொசிட்டிவிலும் வைத்தார்: 0.9. பிறகு அம்பிளிபயரின் நெகட்டிவிலிருந்து பற்றரியின் நெகட்டிவுக்கு வைத்தார்: 2.6.

"களவு போற இடம் இது" என்றார் ஐயா. அவ்வளவுதான் சோதனை. தேத்தண்ணி வந்து ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

எங்களுக்கு உறைத்தது இதுதான். இது சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிற ஓமின் விதி. நாங்கள் எல்லோரும் எழுதிச் சித்தியடைந்த பாடம். எர்த் போல்ற்றுக்குக் கீழே பெயின்ற்றும் கறளும். அந்தத் தொடுகையின் தடை மிகச் சிறியது. 20 அம்பியர் போகிறது என்று வைத்துக்கொண்டால் 2.6 வோல்ற்றுக்கு 0.13 ஓம்தான். சாதாரண மீற்றரில் தடையை நேரே அளந்தால் கண்ணில் படாது. மெல்லப் பாடும்போது ஓரிரு அம்பியர்தான் போகும், இழப்பும் கால் வோல்ற்றுத்தான், யாருக்கும் தெரியாது. சத்தம் கூடக் கூட மின்னோட்டம் கூடும், இழப்பும் கூடும். அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே விழுந்ததும் அம்பிளிபயர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். நின்றதும் மின்னோட்டம் இல்லை, இழப்பும் இல்லை, அழுத்தம் பழையபடி ஏறும், அம்பிளிபயர் திரும்ப விழிக்கும். பரந்தனிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டு வந்த பச்சை சிவப்பு விளையாட்டு முழுவதும் இதுதான்.

காணாமல் போன 2.6 வோல்ற்று சும்மா போகவில்லை. 20 அம்பியரோடு பெருக்கினால் 52 வாற்று. ஒரு போல்ற்றின் தலையில் 52 வாற்றுச் சூடு. கார்ப்பெற் கருகாமல் என்ன செய்யும்?

இப்போது அந்த மூன்று திருத்தங்களையும் திரும்பிப் பாருங்கோ. பிளேயரை மாத்தினது போல்ற்றைத் தொடவில்லை. பெரிய அம்பிளிபயர் அதே கறள் போல்ற்றினூடாக இன்னும் கூட மின்னோட்டத்தைக் கேட்டது. அதனால்தான் முந்தி நின்றது. பியூசுக்குக் கம்பி சுற்றினது கடைசிக் காவலையும் எடுத்துவிட்டது. பியூஸ் இருப்பது அம்பிளிபயரைக் காப்பாற்ற என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அது வயரைக் காப்பாற்ற இருப்பது. வயர் தாங்கக்கூடிய அளவுக்குத்தான் பியூஸ் போட வேணும். அதனால்தான் ஐயா புது வயர் போடும்போது பியூசைப் பற்றரியிலிருந்து ஒரு முழத்துக்குள் வைத்தார். பியூசுக்கு முன்னால் இருக்கிற வயருக்குக் காவல் இல்லை.

இரண்டு பிழையான சாமானும் ஒரு ஆபத்தான கம்பியும். மூன்று பேரும் ஒரே விசயத்தைத்தான் செய்யாமல் விட்டார்கள்: ஏன் நிற்கிறது என்று கேட்கவில்லை.

இங்கேதான் எங்கள் கருத்து. யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'திருத்திறது' என்று சொல்வது பெரும்பாலும் திருத்துவது இல்லை, மாத்துவது. போன் நின்றால் பற்றரி மாத்து, மோட்டர் தண்ணி இழுக்காவிட்டால் மோட்டர் மாத்து, பாட்டு நின்றால் செற்றை மாத்து. மாத்தின பிறகும் சரிவராவிட்டால் அதைவிடப் பெரிசு வாங்கு. அந்தச் சிவப்பு லைற் பழுது இல்லை, பழுது எங்கேயோ இருக்கிறது என்று சொல்கிற ஒரேயொரு சாட்சி. அந்தச் சாட்சியின் வாயைக் கட்டத்தான் எல்லோரும் காசு வாங்கினார்கள்.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. ஏனென்றால் அன்றைக்கு அந்தக் கொட்டிலில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேணும். ஐயா பெயின்ற்றைச் சுரண்டி, வெறும் தகடு தெரிய வைத்து, பல்லுவொஷர் போட்டுப் புது போல்ற் இறுக்கி, மேலே கிறீஸ் பூசினார். மெல்லிய சிவப்பு வயரை எடுத்துவிட்டுத் தடித்த செப்பு வயர் இழுத்தார். பழைய பிளேயரையும் பழைய அம்பிளிபயரையுமே திரும்பப் பூட்டச் சொன்னார். சத்தம் 30 தாண்டியும் பாட்டு நிற்கவில்லை. வயர்க் காசு புறம்பாக, கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார்.

மாமா சொன்னார்: "என்னய்யா, ஒரு போல்ற்றைச் சுரண்டினதுக்கு ரெண்டாயிரத்தைஞ்நூறோ?"

பிளேயருக்கும் அம்பிளிபயருக்கும் ஐம்பதாயிரத்தைப் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தவர் அவர். மாமா கெட்டவர் இல்லை. நாங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் இதைத்தான் நினைத்திருப்போம். கையில் பிடிக்கக்கூடிய சாமானுக்கு விலை இருக்கிறது, பெட்டி இருக்கிறது, வாற்று எழுதியிருக்கிறது. எது பழுது என்று கண்டுபிடிக்கிற அறிவுக்கு எங்களிடம் விலை இல்லை. 'பார்த்ததுக்கு' காசு கேட்டால் கொள்ளை என்கிறோம். அப்படியானால் வேலை தெரிந்த ஒருவர் ஏன் பார்க்க வேணும்? அரை மணித்தியாலம் மீற்றர் பிடிப்பதைவிட ஒரு அம்பிளிபயர் விற்பது அவருக்கு லாபம். மாத்துகிற கடைகளை உருவாக்கியது நாங்கள்தான்.

இதற்கு அடியில் இன்னொரு பழக்கமும் கிடக்கிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. இன்றைக்கும் பல வீடுகளில் அது 'மற்றது சரிவராவிட்டால்' போகிற இடம். பிள்ளை வயரிங் படிக்கிறான் என்று சபையில் சொல்லத் தயங்குகிற ஊர், வயரிங் தெரிந்தவருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுக்கவும் தயங்கத்தான் செய்யும். எங்களிடமும் கேட்டார்கள்: "நீங்கள் ஆர்ட்ஸ்தானே, உங்களுக்கேன் இந்த வேலை?" ஒரு பனுவலைக் கையில் எடுத்தால் எங்கே பேச்சு நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்கச் சொல்லித்தான் எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். அதே கேள்வியை ஒரு வானிடம் கேட்க எங்களுக்கு வரவில்லையே என்பதுதான் வெட்கம்.

இந்த மண்ணுக்கு இது தெரியாத விசயமும் இல்லை. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு குடாநாட்டுக்குக் கரண்ட் இல்லை. தடை செய்த பொருட்களில் பற்றரியும் இருந்தது. எங்கள் அம்மா அப்பாக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள். சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோ கேட்பது நேரோட்டம். இடையில் டயோட்டுப் போட வேணும் என்று பள்ளிக்கூடத்தை முடிக்காத பெடியளுக்கும் தெரிந்திருந்தது. பெற்றோல் கிடைக்காத காலத்தில், சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின ஏ ஃபோட்டிகளும் மொறிஸ் மைனர்களும் இதே வீதிகளில்தான் ஓடின. ஒரு சைக்கிள் டைனமோ 6 வோல்ற்றில் தருவது 3 வாற்று. அந்த 3 வாற்றில் ஒரு வீட்டுச் சனம் முழுக்கச் செய்தி கேட்டது, பாட்டும் கேட்டது. பொருளாதாரத் தடையை வாழ்ந்து கடந்த சனத்தின் பிள்ளைகள் நாங்கள், ஒரு போல்ற்றில் இருந்த 0.13 ஓம் தடையைக் கண்டுபிடிக்க முடியாமல் 3000 வாற்றுப் பெட்டி வாங்கினோம்.

அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அதைப் பட்டவர்களுக்குச் செய்கிற அநியாயம். வேறு வழி இல்லாததால் தெரிந்துகொண்டார்கள். வழி இருக்கும்போதும் தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் எங்கள் வாதம்.

அந்த 3000 வாற்றையும் ஒருக்கா கணக்குப் பார்ப்போம். 14 வோல்ற்றில் 3000 வாற்று எடுக்க, இழப்பு ஒன்றும் இல்லையென்றாலும், 210 அம்பியருக்கு மேலே வேணும். அந்தப் பெட்டியோடு வந்த வயர் சின்ன விரலின் பாதி மொத்தம் இல்லை. போட்ட பியூஸ் 15 அம்பியர். 15ஐ 14ஆல் பெருக்கினால் 210 வாற்று. பெட்டி பொய் சொல்லும், பியூஸ் சொல்லாது. இன்னொன்று: காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய வாற்று ஏறத்தாழப் பத்து மடங்காக வேணும். வாற்றை இரண்டு மடங்காக்கினால் காதுக்குக் கொஞ்சம் கூடினது போலத்தான் இருக்கும். பெரிசு வாங்குவது சத்தத்தைக்கூட அவ்வளவாகத் தருவதில்லை.

"இதெல்லாம் எதுக்கு? சத்தத்தைக் குறைச்சால் முடிஞ்சுதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாதி சரி. சனத்தின் நித்திரையும் காதும் எங்களுக்கும் முக்கியம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கிக்கு உச்ச நீதிமன்றம் 2007இல் போட்ட கட்டுப்பாட்டை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் சத்தத்தைக் குறைத்தால் பாட்டு நிற்காது, அவ்வளவுதான். போல்ற் கறளாகவே இருக்கும். அதுவும் இது மூன்று பக்கமும் கடல் இருக்கிற இடம், உப்புக் காற்றில் கறள் தானாகவே கூடும். நோகிற பல்லால் கடிக்காமல் விடுவது வைத்தியம் இல்லை.

2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா என்று பஸ்களிலும் ஓட்டோக்களிலும் கூடுதலாகப் பூட்டினதையெல்லாம் பொலிஸ் கழற்றச் சொன்னபோது, நாடு இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. சோடிப்பு எங்கள் உரிமை என்றது ஒரு பக்கம், குப்பை என்றது மற்றப் பக்கம். அந்தச் சோடிப்புக்கு இழுத்த வயர் என்ன மொத்தம், பியூஸ் இருக்கிறதா, எர்த் எங்கே பூட்டியிருக்கிறது என்ற கதை எங்கள் காதில் விழவில்லை. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் எங்கள் வீதிகளில் ஓடுகிற பல வான்களுக்கு எங்களைவிட வயது கூட. பழைய வயரிங்கில் புதுச் சாமான் ஏற்றுகிற நாட்டுக்கு, சோடிப்பு வேணுமா வேண்டாமா என்பதைவிட இந்தக் கேள்விதான் அவசரம்.

ஆகவே உங்கள் வீட்டுக் காரிலோ வானிலோ சத்தம் கூட்டும்போது பாட்டு நின்றால், கடைக்குப் போக முதல் இவ்வளவையும் செய்து பாருங்கோ. பேஸை மட்டும் குறைத்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டுங்கோ. நிற்காவிட்டால் பெரும்பாலும் மின்னோட்டம் போதாத பிரச்சினை. என்ஜின் ஓடும்போதும் நிற்கும்போதும் வித்தியாசம் இருக்கிறதா பாருங்கோ. ஓடாதபோது மட்டும் நின்றால் பற்றரியைச் சந்தேகியுங்கோ. ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கோ. ஒன்றைக் கழற்றினதும் சரிவந்தால் அந்த ஸ்பீக்கரோ அதன் வயரோதான். கதவுப் பிணைச்சலில் உரசி உரசி உறை போன வயர், அதிர்வு கூடும்போது மட்டும் தகட்டில் முட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாக ஒரே வாயில் கொடுத்தால் 2 ஓம் ஆகும், அதைத் தாங்காத அம்பிளிபயர் நிற்கும். பழைய கசற் பிளேயர்கள் சிலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு வயரை பொடியில் கொடுப்பார்கள். இப்போதைய பிளேயரில் அப்படிக் கொடுத்தால் அது உடனே தன்னை நிறுத்திக்கொள்ளும். அரை மணித்தியாலம் பாடின பிறகு மட்டும் நின்றால் சூடு. கார்ப்பெற்றுக்கு அடியில் காற்றில்லாமல் கிடக்கும்.

கடைசியாக, ஒரு மீற்றர். ஓரிரு ஆயிரத்துக்கு வாங்கலாம், ஒரு பட்சுக்கு ஒன்று போதும். ஐயா வைத்த நாலு இடத்திலும் வையுங்கோ. எர்த் பக்கம் கால் வோல்ற்றுக்கு மேலே காட்டினால் அங்கேதான் களவு. உங்களால் ஏலாவிட்டால் அளக்கத் தெரிந்த ஒருவரிடம் போங்கோ. அவர் மீற்றரை எடுக்காமல் சாமானின் பெயரைச் சொன்னால் எழும்பி வாங்கோ. எடுத்து அளந்து காட்டினால், எந்தச் சாமானும் விற்காவிட்டாலும், கேட்ட கூலியைக் கொடுங்கோ.

மாமா அன்றைக்குக் கொடுத்தார். முதலில் ஆயிரத்தைந்நூறு நீட்டினார். ஐயா வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, மீற்றரின் வயரைச் சுத்திக்கொண்டிருந்தார். எங்கள் சிநேகிதி சொன்னாள்: "மாமா, அந்த அம்மம்மாக்கள் இருந்த சீற்றுக்குக் கீழதான் அந்தப் போல்ற்." மாமா மிச்சத்தையும் எடுத்து வைத்தார்.

3000 வாற்றுப் பெட்டி இன்னும் மாமா வீட்டு விறாந்தையில் இருக்கிறது. விற்கப் போட்டிருக்கிறார். வாங்க வருகிற ஆளிடம் முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறோம்: "உங்கட பழைய அம்புக்கு என்ன நடந்தது?"